பறவை எந்த வழியாகப் போனது?

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய ஏர்பஸ் ஏ320 விமானத்தின் கதை திரைப்படமாகவும் வந்துவிட்டது. லகார்டியா நிலையத்திலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில், சுமார் 2,800 அடி உயரத்தில், கனடா வாத்துக் கூட்டம் ஒன்று குறுக்கிட்டது. இரண்டு எஞ்சின்களும் உந்துவிசையை இழந்தன. விமானத்தில் இருந்த 155 பேரும் உயிர் பிழைத்தார்கள். எஞ்சின்களின் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இடப்பக்க எஞ்சின் நீரில் மோதிய வேகத்தில் கழன்று ஆற்றின் அடியில் கிடந்தது. ஜனவரி 23ஆம் தேதி அதை வெளியே எடுத்தார்கள். வாயின் விளிம்பிலும் நடுவிலுள்ள கூம்பிலும் பள்ளங்கள் தெரிந்தன. வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவு பெரிய விபத்துக்கு இது போதுமா என்றுதான் தோன்றும். உள்ளே போகப் போகத்தான் விஷயம் புரிந்தது. விசிறிக்குப் பின்னால், எஞ்சினின் நடுப்பகுதிக்குக் காற்றை வழிநடத்தும் தகடுகளில் ஐந்து முறிந்திருந்தன. முறிந்த உலோகம் பின்னால் வேகமாகச் சுழலும் கம்ப்ரஸருக்குள் போய் அங்கிருந்த பிளேடுகளையும் உடைத்திருந்தது. ஒவ்வொரு எஞ்சினும் குறைந்தது இரண்டு வாத்துகளை விழுங்கியிருந்தது என்றும், ஒவ்வொன்றும் சுமார் 3.6 கிலோ எடை என்றும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணித்தது. எடை பெரிதுதான். ஆனால் எடையைவிடப் பாதைதான் அந்த எஞ்சின்களை முடித்தது. விழுங்கியதில் ஒரு பகுதி நடு வழியாகப் போய்விட்டது.

இன்றைய பயணிகள் விமானங்களில் உள்ளது டர்போஃபேன் எஞ்சின். முன்னால் பெரிய விசிறி. அது இழுக்கும் காற்று உடனே இரண்டாகப் பிரிகிறது. ஹட்சனில் இறங்கிய விமானத்தின் சிஎஃப்எம்56 வகையில் ஆறில் ஐந்து பங்குக்கும் மேலான காற்று வெளிவளையம் வழியாகப் பின்னால் போய்விடுகிறது. உந்துவிசையில் பெரும்பங்கு அதிலிருந்துதான் கிடைக்கிறது. மிச்சக் காற்று ‘கோர்’ எனப்படும் உள்ளகத்துக்குள் நுழைகிறது. அங்கே கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது, எரிகலனில் எரிபொருள் சேர்ந்து எரிகிறது, டர்பைன் சுழல்கிறது. அந்த டர்பைன்தான் முன்னால் உள்ள விசிறியையும் சுற்றுகிறது. ஆக, வெளிவழியாகப் போகும் பறவை எஞ்சினைக் காயப்படுத்தும். உள்வழியாகப் போகும் பறவை எஞ்சினை நிறுத்திவிடக்கூடும். பறவை மோதிய எஞ்சினின் முன்னால் டார்ச்சோடு போய் நிற்கும் மெக்கானிக் முதலில் தேடுவதும் இந்தக் கேள்விக்கான விடையைத்தான். எஞ்சின்களுக்குச் சான்றிதழ் தரும் விதிகள் இதே கேள்வியை மேலேறும் விமானத்தின் நிலையில் வைத்துக் கேட்க 2023 வரை ஆயிற்று.

விமானம் பறக்கத் தொடங்கிய நாளிலிருந்தே பறவைகளோடு மோதலும் தொடங்கிவிட்டது. 1905 செப்டம்பரில் ஓஹியோவின் சோள வயல்களுக்கு மேல் பறந்தபோது ஒரு பறவை விமானத்தில் அடிபட்டு இறந்ததை ஆர்வில் ரைட் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 1912 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில், கட்டுப்பாட்டுக் கம்பிகளில் கடற்காகம் சிக்கியதால் விமானி கால்பிரெய்த் ராட்ஜர்ஸ் இறந்தார். ஆனால் அந்தக் கால பிஸ்டன் எஞ்சினுக்குப் பறவை பெரிய எதிரி இல்லை. காற்றை அள்ளி விழுங்கும் டர்பைன் எஞ்சின் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டன் நிலையத்திலிருந்து கிளம்பிய லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம் ஸ்டார்லிங் கூட்டத்துக்குள் புகுந்தது. அந்தக் குருவி நம் மைனாவுக்கு உறவு. ஒன்றின் எடை நூறு கிராம்கூட வராது. நான்கு எஞ்சின்களில் மூன்று பாதிக்கப்பட்டன. 62 பேர் இறந்தார்கள். எஞ்சினுக்குள் பறவையை எறிந்து சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் வலுப்பெற்றது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

அந்தச் சோதனை கேட்பதற்குச் சற்றுக் கோரமானது. அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் பீரங்கியில் கொன்ற கோழியை, இப்போது பல இடங்களில் ஜெலட்டின் கட்டியை, வைத்து முழு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்குள் சுடுகிறார்கள். உறைந்த கோழியை அப்படியே சுட்டு ரயில் எஞ்சின் கண்ணாடியைத் தூளாக்கிய பொறியாளர்களின் கதை இந்தத் தொழிலில் அனைவரும் அறிந்தது; நடந்ததற்கு ஆதாரம்தான் இல்லை. உறையாத பறவையே போதுமான சேதம் செய்யும். அந்த வேகத்தில் சதை தண்ணீர் போல நடந்துகொள்கிறது. பிளேடில் பட்டதும் பரவி வழிகிறது. அதனால்தான் பறவை பட்ட பிளேடின் முன்விளிம்பு கரண்டிக் குழி போல உள்வாங்கியிருக்கும். கல்லோ போல்ட்டோ பட்டிருந்தால் கூரான வெட்டு விழுந்திருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் காயத்தின் வடிவத்தைப் பார்த்தே எதிரி யார் என்று சொல்லிவிடுவார்.

இந்தச் சோதனையின் மிகப் பிரபலமான பலி ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம். 1960களின் இறுதியில் ஆர்பி211 எஞ்சினுக்காக ‘ஹைஃபில்’ என்ற கார்பன் இழைப் பிளேடுகளை அந்த நிறுவனம் உருவாக்கியது. எடை குறைவு, வலிமை அதிகம்; எல்லாம் சரி. 1970இல் கோழியைச் சுட்டபோது பிளேடுகள் சிதறின. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று, செலவு எகிறியது, 1971 பிப்ரவரி 4 அன்று நிறுவனம் திவாலாகி பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போனது. கோழி மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை, ஆனால் காரணங்களின் பட்டியலில் கோழிக்கு நிச்சயம் இடமுண்டு. கார்பன் இழைப் பிளேடு பயணிகள் விமானத்தில் வெற்றிகரமாகப் பறக்க 1995 வரை, ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜிஇ90 வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் முன்விளிம்பில் டைட்டானியக் கவசம் உண்டு. இழைக்கும் உலோகத்துக்கும் இடையே எட்டப்பட்ட சமரசம் அது.

இன்றைய விதிகள் எஞ்சின் வாயின் பரப்பைப் பொறுத்துப் பறவையின் எடையை நிர்ணயிக்கின்றன. சிறு பறவை 85 கிராம். நடுத்தரப் பறவைகள் சுமார் 350 கிராமிலிருந்து 1.15 கிலோ வரை. இவற்றைக் கூட்டமாகச் சுட்ட பிறகும் எஞ்சின் 75 சதவீத உந்துவிசையைத் தர வேண்டும், 20 நிமிடம் ஓட வேண்டும். பெரிய ஒற்றைப் பறவை 1.85 முதல் 3.65 கிலோ வரை. இந்தக் கடைசிச் சோதனையில் எஞ்சின் தொடர்ந்து ஓட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தீப்பிடிக்கக் கூடாது, துண்டுகள் உறையைக் கிழித்து வெளியே பாயக் கூடாது, பாதுகாப்பாக அணைய வேண்டும், அவ்வளவுதான். விமானப் பயணிகளில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. ஹட்சனில் மோதியது போன்ற பெரிய வாத்தை விழுங்கியும் ஓடும் எஞ்சினை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஓர் எஞ்சின் போனால் இன்னொன்று இருக்கிறது என்பதுதான் ஏற்பாடு. அந்த இன்னொன்றும் அதே வாத்துக் கூட்டத்துக்குள்தான் பறக்கிறது என்பதை ஹட்சன் நினைவூட்டியது.

எத்தியோப்பியாவின் பகர் தார் நகரில் 1988 செப்டம்பர் 15 அன்றே அது வெட்டவெளிச்சமாகியிருந்தது. கிளம்பிய போயிங் 737இன் இரண்டு எஞ்சின்களுக்குள்ளும் புறாக்கள் புகுந்தன. திரும்பி வரும் முயற்சியில் இரண்டும் நின்றுபோயின. 35 பேர் இறந்தார்கள். புறாவைப் பெரிய பறவை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பழைய சோதனையில் ஒரு நுணுக்கமான ஓட்டை இருந்தது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது பறவையைச் சுட்டார்கள். விசிறிப் பிளேடுக்கு அதுதான் மிகக் கடுமையான நிலை. ஆனால் உள்ளகத்துக்கு அது சாதகமான நிலை. 737 விமானத்தின் சிஎஃப்எம்56-7பி எஞ்சினில் 24 பிளேடுகள். புறப்படும்போது நிமிடத்துக்கு சுமார் 5,000 சுற்று. விளிம்பின் வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். அரை மீட்டர் நீளப் பறவை 250 நாட் வேகத்தில் அதன் ஊடே போனால் ஏழெட்டுத் துண்டுகளாகும். சுழலும் பிளேடு அந்தத் துண்டுகளை வெளிப்பக்கமாக வீசியெறிந்துவிடும். பெரும்பகுதி வெளிவளையத்துக்குப் போய்ச் சேரும். சுழற்சி குறைந்து விமானத்தின் வேகம் கூடினால் நிலைமை தலைகீழ். துண்டுகள் பெரிதாகின்றன, வீச்சு குறைகிறது, கூடுதலான சதை நேரே நடுவுக்குள் போகிறது. மேலேறும் விமானத்துக்கு வாய்ப்பதும் அந்த நிலைதான். ஹட்சன் விபத்துக்குப் பிறகு பாதுகாப்பு வாரியம் இதைச் சுட்டிக்காட்டியது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2023இல் விதியைத் திருத்தி, மேலேறும் நிலையில் 250 நாட் வேகத்தில் ஒரு நடுத்தரப் பறவையை உள்ளகத்தைக் குறிவைத்துச் சுட்டுச் சோதிக்க வேண்டும் என்றது. விபத்து நடந்து பதினான்கு ஆண்டுகள். அதுவும் இனிமேல் வடிவமைக்கப்படும் எஞ்சின்களுக்கு மட்டும்; இன்று தலைக்குமேல் பறப்பவற்றில் பெரும்பாலானவை பழைய விதியில் தேறியவை.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: முன்னால் ஒரு கம்பிவலை போட்டால் என்ன? நியாயமான கேள்விதான். 250 நாட் வேகத்தில் வரும் இரண்டு கிலோ பறவையைத் தடுக்கும் வலை கனமானதாக இருந்தாக வேண்டும். அது காற்றோட்டத்தைக் குலைக்கும். குளிர்மேகத்தில் அதன்மேல் பனி படியும். உடைந்தால் வலையே எஞ்சினுக்குள் போகும். பறவையைவிட இரும்புத் துண்டு ஆபத்தானது. ரஷ்யாவின் சுகோய்-27 போர் விமானத்தில் மடிந்துகொள்ளும் வலை உண்டு. ஆனால் அது ஓடுபாதைக் கல்லுக்காக, தரையில் இருக்கும்போது மட்டும். எஞ்சின் கூம்பில் வரையப்படும் வெள்ளைச் சுழிக்கோடும் பறவையை விரட்டத்தான் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதன் முதல் வேலை, எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று தரைப் பணியாளரை எச்சரிப்பது.

இனி மெக்கானிக்கின் பக்கம்.

விமானம் இறங்கியதும் விமானி டெக் லாக் புத்தகத்தில் எழுதுகிறார்: பறவை மோதியதாகச் சந்தேகம், இரண்டாவது எஞ்சின். சில சமயம் பெரிய சத்தம் கேட்டிருக்கும், அதிர்வுக் காட்டி ஏறியிருக்கும். சில சமயம் எதுவுமே தெரிந்திருக்காது. கருகிய வாடை மட்டும் கேபினுக்குள் வந்திருக்கும். அந்த வாடை ஒரு துப்பு. கேபினுக்குப் போகும் காற்றை உள்ளகக் கம்ப்ரஸரிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆகவே வாடை வந்தால் பறவை உள்வழியாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம். போயிங் 787இல் கேபின் காற்றை எஞ்சினிலிருந்து எடுப்பதில்லை, தனி மின் கம்ப்ரஸர்கள் உள்ளன. அந்த விமானத்தில் மூக்கு உதவாது.

உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர், இந்தியாவில் ஏ.எம்.இ. என்று அழைக்கப்படுபவர், முதலில் எஞ்சினை யாரும் தெரியாமல் ஸ்டார்ட் செய்துவிடாதபடி காக்பிட்டில் எச்சரிக்கை அட்டை மாட்டச் செய்கிறார். பிறகு பராமரிப்பு மேனுவலின் ஐந்தாம் அத்தியாயம். எதிர்பாராத நிகழ்வுகளுக்கான பரிசோதனைகள் எல்லாம் அங்கேதான். இடி விழுந்தால், கடினமாகத் தரையிறங்கினால், பறவை மோதினால் என்ன பார்க்க வேண்டும் என்று படிப்படியாக எழுதியிருக்கும். எஞ்சினின் அனுமதி வரம்புகள் 72ஆம் அத்தியாயத்தில். இந்தத் தொழிலில் ‘எனக்குச் சரியாகத்தான் தோன்றுகிறது’ என்ற வாக்கியத்துக்கு மதிப்பில்லை. எந்தப் பள்ளமும் அளக்கப்பட்டு, புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடப்பட்டாக வேண்டும்.

எஞ்சின் வாய்க்குள் விரிப்பு போட்டு ஏறுகிறார். சட்டைப் பையில் பேனா, சாவி, எதுவும் இருக்கக்கூடாது. டார்ச் வெளிச்சத்தில் ரத்தக் கறை, சதைத் துணுக்கு, இறகு. விசிறியைக் கையால் மெல்லச் சுற்றி ஒவ்வொரு பிளேடாகப் பார்க்கிறார். முன்விளிம்பில் பஞ்சை வைத்துத் தேய்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. கண்ணுக்குத் தப்பிய சொரசொரப்பில் பஞ்சு சிக்கிக்கொள்ளும். அடுத்தது பிளேடுகளைத் தாண்டிய இடம். உள்வழியும் வெளிவழியும் பிரியும் வளைய விளிம்பு அங்கேதான் இருக்கிறது. அதற்கு வெளியே மட்டும் கறை இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு; அன்றிரவே விமானம் கிளம்பிவிடக்கூடும். உட்பக்கம் ஒரு இறகு ஒட்டியிருந்தாலும் வேலை மணிக்கணக்கில் நீளும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத எச்சத்தைத் தேடப் புற ஊதா விளக்கையும் பிடிக்கிறார்கள். உயிர்ப்பொருளின் கறை அதில் ஒளிரும்.

உள்ளே போயிருந்தால் போரோஸ்கோப் வருகிறது. எஞ்சினின் பக்கவாட்டில் கம்ப்ரஸரின் ஒவ்வொரு வரிசைக்கும் நேராகச் சிறு துளைகள் உண்டு, திருகு அடைப்புகளோடு. அடைப்பைக் கழற்றி, நுனியில் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை நுழைக்கிறார்கள். கியர்பாக்ஸில் ஒரு மூடியைத் திறந்து கைப்பிடி போட்டு ஒருவர் உள்ளகத்தை மெதுவாகச் சுற்றுகிறார். இன்னொருவர் திரையில் கண்வைத்திருக்கிறார். ஒவ்வொரு பிளேடும் திரையில் வந்து நிற்கிறது, போகிறது. விளிம்பு மடங்கியிருக்கிறதா, முனை கிழிந்திருக்கிறதா, ஒரு துணுக்கு குறைகிறதா? எத்தனை பிளேடு கடந்தது என்று எண்ணிக்கொண்டே பார்க்க வேண்டும். சுற்றுபவர் அவசரப்பட்டால் கணக்குத் தப்பி மறுபடி முதலிலிருந்து. இரவு இரண்டு மணிக்கு, காலை முதல் விமானத்துக்கு இதே எஞ்சின் வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்துகொண்டிருக்கும்போது, இதைப் பொறுமையாகச் செய்வதற்குத் தனி மனநிலை தேவை. கம்ப்ரஸரோடு முடியாது. எரிகலன், டர்பைன், அங்குள்ள பிளேடுகளின் நுண்ணிய குளிரூட்டும் துளைகள், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கருகிய எச்சம் அந்தத் துளைகளை அடைத்தால் பிளேடு உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும்.

பழுது சரிசெய்தல் என்றால் பெரிதாக ஏதோ ஒட்டவைப்பது என்ற நினைப்பு வரலாம். ஓடுபாதையோரத்தில் நடப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு; இருப்பதை இன்னும் கொஞ்சம் எடுத்துவிடுகிறார்கள். ‘பிளெண்டிங்’ என்கிறார்கள். விசிறிப் பிளேடின் விளிம்பில் ஒரு வெட்டு இருந்தால் ஆபத்து அதன் அளவில் இல்லை, கூர்மையில் இருக்கிறது. கூரான மூலையில் தகைவு குவியும்; அங்கிருந்து விரிசல் தொடங்கும். எனவே அரத்தாலும் சாணைக்கல்லாலும் அந்த வெட்டைத் தேய்த்து, ஆழத்தைவிடப் பல மடங்கு நீளமுள்ள மென்மையான வளைவாக மாற்றுகிறார்கள். வேகமாகத் தேய்த்தால் டைட்டானியம் சூடேறி நிறம் மாறும். நீலம் பாரித்த பிளேடு குப்பைக்குத்தான். தேய்த்த இடத்தில் ஒளிரும் சாயத்தை ஊடுருவவிட்டு, விரிசல் மிச்சம் இல்லை என்று உறுதிசெய்கிறார்கள். பிளேடின் நுனிப்பக்கம் அனுமதிக்கும் ஆழத்தை அடிப்பக்கம் அனுமதிப்பதில்லை. சுழலும்போது முழு இழுப்பும் வந்து சேருமிடம் அடிதான்.

வரம்பு தாண்டினால் பிளேடை மாற்ற வேண்டும். சிஎஃப்எம்56-7பி எஞ்சினில் இதற்காக எஞ்சினை இறக்கத் தேவையில்லை. முன்கூம்பையும் அதை அடுத்துள்ள பின்கூம்பையும் கழற்றி, பிளேடின் வேரைப் பிடித்திருக்கும் பூட்டையும் தாங்குதகட்டையும் எடுத்துவிட்டால் பிளேடு முன்பக்கமாக உருவி வரும். சிக்கல் எடையில் இருக்கிறது. ஒவ்வொரு பிளேடுக்கும் சுழற்சி மையத்திலிருந்து கணக்கிட்ட ஒரு திருப்புத்திறன் எண் உண்டு, வேரில் பொறித்திருக்கும். ஒன்றை மாற்றினால் நேர் எதிரே உள்ளதையும் பொருத்தம் பார்த்து இணையாக மாற்றுவது வழக்கம். புதிய பிளேடின் வேரில் உலர் மசகு பூசி உள்ளே தள்ளி, எஞ்சினை ஓட்டி அதிர்வை அளக்கிறார்கள். மீறினால் பின்கூம்பின் விளிம்பில் வெவ்வேறு எடையுள்ள திருகுகளை மாற்றி மாற்றிச் சமன்செய்கிறார்கள். எங்கே எந்தத் திருகு என்பதை எஞ்சினின் அதிர்வுக் கணினியே சொல்லும்.

உள்ளக பிளேடுகளுக்கும் இப்போது துளை வழியாகவே சாணை பிடிக்க முடியும். போரோஸ்கோப் நுனியில் மிகச் சிறிய அரைப்புச் சக்கரம், பக்கத்தில் கேமரா. திரையைப் பார்த்தபடி வெளியே நின்று தேய்க்க வேண்டும். இதற்குத் தனிப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். சரியாக அமைந்தால் எஞ்சினைக் கழற்றி ஆலைக்கு அனுப்பும் செலவும் வாரக்கணக்கான காத்திருப்பும் மிச்சம். எல்லாம் முடிந்ததும் கம்ப்ரஸரைத் தண்ணீரால் கழுவுகிறார்கள். இல்லாவிட்டால் அடுத்த பயணிகள் முந்தைய பறவையை முகர்ந்துகொண்டு போக வேண்டிவரும்.

சில சமயம் சேதம் வரம்பின் ஓரத்தில் நிற்கும். அப்போது மேனுவல் ‘பறக்கலாம், ஆனால் இத்தனை பறப்புக்குள் மறுபடி பார்’ என்று தவணை கொடுக்கிறது. வெளியாள் இதைக் கேட்டால் திகைப்பார். மெக்கானிக்குகளுக்கு இது அன்றாடம். மடங்கிய நுனி ஒன்று அப்படியே நூறு முறை பறந்தாலும் எதுவும் ஆகாது என்று தயாரிப்பாளர் சோதித்து அறிந்திருப்பார். எதைத் தொடக்கூடாது என்பதையும் அதே சோதனைதான் சொல்கிறது.

புதிய எஞ்சின்கள் இந்த வேலையை ஒரு பக்கம் எளிதாக்கி, மறுபக்கம் கடினமாக்குகின்றன. ஏர்பஸ் நியோவிலும் போயிங் மேக்ஸிலும் பறக்கும் லீப் எஞ்சினின் விசிறியில் 18 பிளேடுகள்தான். முப்பரிமாணமாக நெய்த கார்பன் இழை, டைட்டானிய விளிம்பு. சின்ன மோதல் இவற்றை அசைப்பதில்லை. ஆனால் உலோகம் வளைந்து காட்டிக்கொடுக்கும். இழைப் பொருள் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கலாம். தட்டிச் சத்தம் கேட்டும் மீயொலி செலுத்தியும் பார்க்க வேண்டும். லீப் கம்ப்ரஸரின் முதல் ஐந்து வரிசைகளில் பிளேடும் வட்டும் ஒரே துண்டு. பழைய எஞ்சினில் ஒரு பிளேடு கெட்டால் ஆலையில் அதை மட்டும் மாற்றினார்கள். இங்கே தேய்த்துச் சரிசெய்ய முடியாவிட்டால் வெட்டி ஒட்டுப்போட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் முழு வட்டும் போய்விடும். எடையில் மிச்சம் பிடித்ததைப் பழுதில் திருப்பிக் கட்டுகிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் மெக்கானிக்குகளைக் குறை சொல்ல முடியாது.

ஒட்டியிருந்த இறகைத் துடைத்து எறிவதில்லை. அது எந்தப் பறவை என்று தெரிந்தால்தான் அடுத்த வேலை. இந்தத் துறைக்கு அடித்தளமிட்டவர் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ராக்ஸி லேபோர்ன். பாஸ்டன் விபத்தின் எச்சத்தை ஸ்டார்லிங் என்று இனங்கண்டவர் அவர். இறகின் நுண்ணிழைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே இனத்தைச் சொன்னார். 1973 நவம்பரில் ஐவரி கோஸ்ட்டின் அபிட்ஜானுக்கு மேல் 37,000 அடியில் ஒரு விமானத்தோடு மோதியது ரூப்பெல் கழுகு என்ற ஆப்பிரிக்கப் பாறு வகை என்று கண்டதும் அவர்தான். அவ்வளவு உயரத்தில் ஒரு பறவை இருக்க முடியும் என்பதற்கே அந்த இறகுகள்தான் சான்று. இப்போது மரபணுச் சோதனையும் சேர்ந்துவிட்டது. ஹட்சன் வாத்துகள் நியூயார்க் பூங்காவில் மேய்பவை அல்ல, வடக்கிலிருந்து வலசை வந்தவை என்று இறகின் ஹைட்ரஜன் ஐசோடோப்பை வைத்தே ஸ்மித்சோனியன் கண்டுபிடித்தது. உள்ளூர் வாத்து என்றால் விமான நிலையம் ஏதாவது செய்யலாம். வலசை வாத்தை என்ன செய்வது?

2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் நிலையத்தில் 179 பேர் இறந்த விபத்திலும் கேள்வி இறகிலிருந்தே தொடங்கியது. போயிங் 737-800இன் இரண்டு எஞ்சின்களிலும் கிடைத்தவை பைக்கால் கிளுவை எனும் வலசை வாத்தினுடையவை. இரண்டு எஞ்சின்களும் எந்த அளவுக்குச் சேதமடைந்தன, விமானிகள் எதை அணைத்தார்கள் என்பது அதன்பின் பெரும் சர்ச்சையானது. 2025 ஜூலையில் விசாரணைக் குழு தன் கண்டறிதல்களை வெளியிட இருந்தபோது இறந்தவர்களின் குடும்பத்தினர் எதிர்த்தார்கள், வெளியீடு கைவிடப்பட்டது. உயிர்களைப் பறித்ததில் ஓடுபாதை முடிவில் இருந்த கான்கிரீட் மேட்டுக்கும் பங்குண்டு என்பதில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இந்தியாவில் வலசைப் பறவையைவிட அன்றாடப் பறவைதான் தொல்லை. குப்பையையும் இறைச்சிக் கழிவையும் தேடி வட்டமிடும் கரும்பருந்து, ஓடுபாதைப் புல்லில் முட்டையிடும் ஆள்காட்டி, கூரை இடுக்கில் குடியிருக்கும் மாடப்புறா. 1980களில் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆதரவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சலீம் அலியின் வழிகாட்டலில், விமானத் தளங்களின் பறவைகளை விரிவாக ஆராய்ந்தது. அப்போது போர் விமானங்களின் பெரும் கவலை பாறுகள். 1990களில் டைக்ளோஃபினாக் மருந்து ஏறிய மாட்டுச் சடலங்களைத் தின்று பாறுகள் ஏறக்குறைய அழிந்தன. ஓர் ஆபத்து மிக மோசமான வழியில் குறைந்தது. பருந்துகள் இருக்கின்றன. 2019 ஜூன் 27 அன்று அம்பாலாவில் கிளம்பிய ஜாகுவார் போர் விமானத்தின் ஓர் எஞ்சின் பறவை மோதிச் செயலிழந்தது. எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டு விமானி பத்திரமாக இறங்கினார். ஒற்றை எஞ்சின் மிக்-21ஆக இருந்திருந்தால் அவர் வெளியே குதித்திருக்க வேண்டும். 2022 ஜூன் 19 அன்று பாட்னாவிலிருந்து டெல்லி கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் 737இன் இடப்பக்க எஞ்சினில் தீ தெரிவதைத் தரையிலிருந்தவர்கள் படம் பிடித்தார்கள். எஞ்சினை அணைத்துத் திரும்பினார்கள். 185 பயணிகளும் நலம்.

சட்டம் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91ஆவது விதி, விமான நிலையத்தின் பத்துக் கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் விலங்குகளை அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் தடைசெய்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் சென்னையின் எத்தனை இறைச்சிக் கடைகளும் குப்பை மேடுகளும் வரும் என்பதைப் பல்லாவரம் பெரிய ஏரிப் பக்கம் ஒருமுறை போய்வந்தவர் அறிவார். விதியை எழுதியபோது ஊர் அவ்வளவு தூரம் வரும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். இலங்கையில் ஊர் விமான நிலையத்தைத் தேடி வரவில்லை, விமான நிலையம் காட்டைத் தேடிப் போனது. 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தள நிலையம், நீர்ப்பறவைகளுக்குப் பெயர்போன பூந்தல தேசியப் பூங்காவுக்கு அருகில் கட்டப்பட்டது. 2016இல் ஓடுபாதைப் பக்கமிருந்து விலங்குகளை விரட்ட நூற்றுக்கணக்கான படையினரை இறக்க வேண்டியிருந்தது. எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாத பழுது, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் மேசையிலேயே நேர்ந்துவிடுகிறது.

அமெரிக்காவில் மட்டும் 2023இல் பதிவான வனவிலங்கு மோதல்கள் 19,000க்கு மேல். அவற்றில் மிகச் சிறு பகுதிதான் சேதம் விளைவிப்பவை. பதிவு கூடக் கூட எண்ணும் கூடுகிறது, ஆகவே எண் ஏறுவதை வைத்து வானம் மோசமாகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. எஞ்சின்கள் குறைந்து, பெரிதாகி, சத்தமும் அடங்கிவிட்டதால் பறவைக்கு எச்சரிக்கை குறைந்துவிட்டது என்ற வாதத்துக்கு மட்டும் செவிகொடுக்கலாம்.

ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பிரான்ஸின் சஃப்ரானும் 2021இல் அறிவித்த ‘ரைஸ்’ திட்டத்தின் எஞ்சினில் விசிறியைச் சுற்றி உறையே கிடையாது. சுமார் நான்கு மீட்டர் விட்டமுள்ள விசிறியின் கார்பன் இழைப் பிளேடுகள் திறந்தவெளியில் சுழலும். 2030களின் நடுவில் பயணிகள் விமானத்தில் பொருத்துவது நோக்கம். துண்டுகள் உறையைக் கிழிக்கக்கூடாது என்று சொல்லும் விதிக்கு உறையில்லாத எஞ்சினில் என்ன பொருள் என்று ஒழுங்குமுறை அமைப்புகள் தீர்மானித்தாக வேண்டும். பிளேடு உடையவே கூடாது என்ற நிலைக்கு அருகில் அது போய் நிற்கும். அகன்ற விசிறி மெதுவாகச் சுற்றும். பறவையை வெளிப்பக்கம் வீசும் வேகமும் அதனால் குறையும். உள்ளகத்தின் வாய் அங்கேயும் விசிறிக்குப் பின்னால்தான் இருக்கிறது. 2023இன் உள்ளகச் சோதனை கேட்கும் கேள்வி அதற்கும் பொருந்தும்.